இரண்டு பங்குக்கு ஒரு பங்கு

"மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கண்ணா" என்று மாணவர் பேரவைத் தம்பிகள் இருவர் வீடு தேடி வந்து கேட்டபோது, "எனக்கு ஷிப்ட் ரிப்போர்ட் எழுதத்தான்பா தெரியும்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. "முன்னாள் மாணவர் அனுபவம்னு பக்கம் ஒதுக்கி வெச்சிட்டோம். கொரோனா சமயத்துல நம்ம லேப்ல சானிடைசர் செஞ்சீங்களாமே, அதையே எழுதுங்கண்ணா" என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் நண்பர்களே, தம்பிகள் கேட்டது பாதிக் கதைதான். லேபில் செய்தது இரண்டாவது முறை. அதற்கு முன்னால் வீட்டில் ஒரு முறை செய்தேன். மலர்களில் பெரும்பாலும் எல்லோரும் தாங்கள் பாஸான கதையைத்தான் எழுதுவார்கள். நான் என் அரியரையும் சேர்த்து எழுதப் போகிறேன்.

ஸ்டாக் இல்லை தம்பி

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம். நான் அப்போது வேதிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 17-ஆம் தேதி முதல் கல்லூரிகளை மூடச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. விடுமுறை என்றதும் கைதட்டிய கும்பலில் நானும் ஒருவன். மறைப்பானேன்!

வீட்டில் கைதட்ட ஆளில்லை. என் அம்மா எங்கள் ஊரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால், தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போய்க் குப்பை வாங்கி, தரம் பிரித்துவிட்டு மதியம்தான் திரும்புவார். ஊருக்கே லீவு விட்டாலும் குப்பைக்கு லீவு கிடையாது. அந்த வாரத்தில் குப்பை கூடுதலாகவே வந்தது. எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள் அல்லவா!

"மாஸ்க்கெல்லாம் போட்டுத் தூக்கிப் போடறாங்கடா. அதையும் கையாலதான் எடுக்கறோம். ஏதோ கைக்குத் தடவற மருந்து இருக்காமே, எங்க கெடைக்கும்?" என்று அம்மா கேட்டார். கையுறை கேட்டிருந்தார்களாம். வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். "ஸ்டாக் இல்லை தம்பி" என்றார்கள். ஐந்தாவது கடையில் இருந்தது. ஆனால் விலையைக் கேட்டதும், பாட்டிலை ஏதோ பூஜைப் பொருள் போலத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அப்படி விற்றவர்கள் நாடு முழுவதும் இருந்திருக்க வேண்டும். மார்ச் 13-ஆம் தேதி மத்திய அரசு சானிடைசரையும் முகக்கவசத்தையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. 21-ஆம் தேதி, 200 மி.லி. பாட்டில் 100 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று உச்சவரம்பும் போட்டது. வரம்பு வந்தது. பாட்டில்தான் கடைக்கு வரவில்லை.

அங்கேதான் என் தலைக்குள் ஒரு மணி அடித்தது. "நாம கெமிக்கல்காரன்தானே!"

நம்ம புள்ள செஞ்ச மருந்து

செல்போனில் தேடினால் ஆயிரம் செய்முறை. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: ஆல்கஹால் இரண்டு பங்கு, கற்றாழை ஜெல் ஒரு பங்கு. வாசனைக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான்! இதற்கா அவ்வளவு விலை என்று வியந்தேன்.

தெரிந்த மருந்துக்கடை அண்ணன் ஒருவர், கவுண்டருக்கு அடியிலிருந்து 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் அரை லிட்டர் பாட்டில் இரண்டை எடுத்துத் தந்தார். காசு அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தது. கற்றாழைக்குக் காசு வேண்டாம், வீட்டு வாசலில் திருஷ்டிக்காகக் கட்டித் தொங்கவிட்டது போகப் பின்புறமும் வளர்ந்து கிடந்தது. நாலு மடலைச் சீவி, சோற்றைச் சுரண்டி, மிக்ஸியில் ஓர் அடி. அரை லிட்டர் வந்தது. ஒரு லிட்டரும் அரை லிட்டரும் சேர்ந்து ஒன்றரை லிட்டர். தங்கச்சியின் பன்னீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் பன்னீர். வீடே கல்யாண வீடு மாதிரி மணத்தது.

ஊற்றி வைக்கக் குப்பி வேண்டுமே? அம்மா தரம் பிரித்த பிளாஸ்டிக்கிலிருந்து சின்னக் குளிர்பான பாட்டில்களாகப் பொறுக்கிக் கழுவித் தந்தார். மொத்தம் 15 பாட்டில். அம்மாவின் செட்டில் சரியாக 15 பேர்.

மார்ச் 19 விடியற்காலை, வருகை எடுக்கும் இடத்தில் அம்மா அதை எல்லோருக்கும் பங்கு வைத்தார். நானும் கூடப் போயிருந்தேன். பெருமை பார்க்கத்தான்! பெரியம்மா ஒருவர் உள்ளங்கையில் ஊற்றி மோந்து பார்த்துவிட்டு, "சென்ட்டு மாதிரி கீதுடி! உன் புள்ள டாக்டருக்குப் படிக்கிறானா?" என்றார். "டாக்டருக்கு இல்லக்கா, கெமிக்கல் இன்ஜினியரு" என்று அம்மா சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. செமஸ்டர் ரிசல்ட்டில் நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

இன்னோர் அக்கா ஒரு வார்த்தை சொன்னார். அப்போது சிரித்துக்கொண்டே கேட்ட அந்த வார்த்தைதான் பிறகு பல ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்தது. "நம்ம புள்ள மருந்து இருக்கு, இனிமே சோப்புக்கும் தண்ணிக்கும் ஒவ்வொரு வீடா கெஞ்ச வேணாம்."

எத்தனை சதவீதம்?

22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஊரே தட்டைத் தட்டி, மணி அடித்து முடித்த பிறகு, எங்கள் கெமிஸ்ட்ரி சாருக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சாதனையைச் சொல்லத்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு சார் ஒரே கேள்வி கேட்டார். "உன் மருந்துல ஆல்கஹால் எத்தனை சதவீதம்பா?"

"எழுபது சார். பாட்டில்லயே போட்டிருக்கு."

"பாட்டில்ல போட்டிருக்கிறது இருக்கட்டும். உன் மருந்துல எத்தனை?"

நான் பேசவில்லை. சாரும் பேசவில்லை. அப்புறம் அவரே மெதுவாக, "பேப்பர் பேனா எடுத்து ஒரு தடவை போட்டுப் பாரு. பத்து நிமிஷம் கழிச்சு நீயே கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.

போட்டுப் பார்த்தேன். முதலாம் ஆண்டு டைட்ரேஷனில் நூறு தடவை எழுதிய அதே வாய்பாடுதான். V1 N1 சமம் V2 N2. ஒரு லிட்டரில் 70 சதவீதம் என்றால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 700 மி.லி. அதை நான் பரப்பிய மொத்தக் கொள்ளளவு 1500 மி.லி. 700-ஐ 1500-ஆல் வகுத்தால் 46.7 சதவீதம். பன்னீரையும் சேர்த்தால் இன்னும் கீழே!

கையைச் சுத்தப்படுத்தக் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் வேண்டும் என்று அந்த வாரம் செய்திகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் கேட்டேன், தலையாட்டினேன். அந்த இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்கிற கணக்கு, 90 சதவீதத்துக்கு மேலே இருக்கிற ஆல்கஹாலுக்குப் பொருந்தும். 70-ஐ வைத்து 60-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டுமானால், ஒரு லிட்டருக்கு நான் சேர்த்திருக்கக்கூடியது அதிகபட்சம் 166 மி.லி. நான் சேர்த்தது 500. சும்மா விட்டிருந்தால் வேலை செய்திருக்கும் மருந்தை, காசு செலவழித்துக் கெடுத்து, வாசனை ஊற்றி, 15 பேர் கையில் கொடுத்திருக்கிறேன்!

பத்து நிமிஷத்தில் கூப்பிட முடியவில்லை. அரை மணி நேரம் ஆனது. சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கற்றாழையைப் பச்சையா அரைச்சு ஊத்தியிருக்கே. நாலு நாள்ல திரண்டு நின்னிருக்கும். அதை நம்பிக் கையில தடவ முடியாது" என்றார். பின்கட்டுக்குப் போய் மிச்சம் இருந்த பாட்டிலைத் திறந்தேன். பன்னீர் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. கீழே சளி மாதிரி ஒன்று திரண்டு நின்றது.

"நாளைக்கே போயி எல்லாத்தையும் திருப்பி வாங்கிடு" என்றார் சார். "என்ன சொல்லி வாங்கறது சார்?" என்றேன். "உண்மையைச் சொல்லி" என்றார்.

பதினைந்தில் பதினான்கு

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சோறு போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இத்தினி நாளா நாங்க வெறும் தண்ணியத் தடவிக்கிட்டு இருந்தமா?" என்றார். "தண்ணி இல்லம்மா, ஆனா போதாது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதை அவங்ககிட்ட நீயே வந்து சொல்லு கண்ணு, நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

23-ஆம் தேதி விடியற்காலை போய் நின்றேன். நாலு நாளைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அதே இடம். "கணக்குல தப்புப் பண்ணிட்டேன். மருந்து சரியில்ல. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்திடுங்க. சோப்பு போட்டே கழுவுங்க" என்றேன். குரல் வெளியே வரவில்லை. பெரியம்மாதான், "சரி போ, புள்ள வந்து சொல்லிச்சே" என்றார். அந்த ஆறுதல் எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அன்றைக்கு 13 பாட்டில் திரும்பி வந்தன. 14-வது அம்மாவுடையது. மீதி ஒன்று, சோப்புக்குக் கெஞ்ச வேண்டாம் என்று சொன்ன அந்த அக்காவுடையது. அவர் அன்று வேலைக்கு வரவில்லை. "ரெண்டு நாளா காய்ச்சலாம்" என்றார்கள்.

அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்றே பேசினேன். உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், இருமல் சத்தம் கேட்டது. திண்ணை மாடத்தில் என் பாட்டில் இருந்தது. அதே குளிர்பான பாட்டில், மேலே ஆரஞ்சுப் பழப் படம்கூடப் போகவில்லை. பக்கத்தில் அவர் பேரனின் தண்ணீர் பாட்டில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் எம்பி எம்பி என் பாட்டிலைப் பிடிக்கப் பார்த்தான். மூன்று வயது இருக்கும். நல்ல வாசனை வேறு!

பறித்துக்கொண்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சைக்கிள் மிதிக்கும்போது கால் நடுங்கியது.

அக்காவுக்கு ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. ஒன்பது நாள் சம்பளம் போனது. அது என்ன காய்ச்சல் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சாதாரணக் காய்ச்சலாகவே இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்கிற அந்தச் சொல்லோடுதான் நான் இன்றுவரை வாழ்கிறேன்.

லேபில் ஒரு சனிக்கிழமை

24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. இரண்டு நாள் கழித்து சாரிடமிருந்து போன் வந்தது. முதல்வரிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் பேசி, லேபைத் திறக்க அனுமதி வாங்கிவிட்டாராம். "கணக்கைத் தப்பாப் போட்டவன்தான் இந்தத் தடவை கணக்கு எழுதணும். வா" என்றார்.

28-ஆம் தேதி, சனிக்கிழமை. சார், லேப் அட்டெண்டர் அண்ணன், நான், பக்கத்து ஊர்த் தோழன் ஒருவன். அவனை நாங்கள் 'பிப்பெட்' என்று கூப்பிடுவோம், அவ்வளவு ஒல்லி. நாலு பேரும் நாலு மூலையில்.

சார் முதலில் செய்தது என்ன தெரியுமா? பன்சன் பர்னர்களுக்குப் போகும் கேஸ் வால்வை மூடி, ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். செல்போன்களை வராந்தாவில் வைக்கச் சொன்னார். அட்டெண்டர் அண்ணனைப் பார்த்து, "பீடியும் வராந்தாலதான்" என்றார். பிறகு போர்டில் எழுதினார்: 75 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலின் தீப்பற்று வெப்பநிலை 19 டிகிரி. "இப்ப லேப்ல எத்தனை டிகிரி இருக்கும்?" என்றார். மார்ச் மாத மதியம், எங்கள் ஊர் வெயில். 35-க்குக் குறையாது. அதாவது, ஒரு பொறி விழுந்தால் போதும். நான் வீட்டில் இதைக் கலந்தது எங்கே தெரியுமா? அடுப்பிலிருந்து நாலடி தள்ளி. அப்போது அம்மா ரசம் தாளித்துக்கொண்டிருந்தார்!

உலக சுகாதார நிறுவனம் உள்ளூரில் தயாரிக்க இரண்டு செய்முறை கொடுத்திருக்கிறது. ஒன்று எத்தனால், மற்றது ஐசோபுரொபைல் ஆல்கஹால். எத்தனால் வேண்டுமென்றால் கலால் உரிமம், பெர்மிட் என்று ஆயிரம் கெடுபிடி. ஆகவே இரண்டாவதை எடுத்தோம். 10 லிட்டருக்குக் கணக்கு இது:

ஐசோபுரொபைல் ஆல்கஹால் (99.8%) 7515 மி.லி.
ஹைட்ரஜன் பெராக்சைடு (3%) 417 மி.லி.
கிளிசரின் (98%) 145 மி.லி.
மீதி, காய்ச்சி வடித்த நீர் அல்லது கொதித்து ஆறிய நீர், 10 லிட்டர் கோடு வரை.

ஸ்டோரில் இரண்டரை லிட்டர் பாட்டில் மூன்று சீல் உடைக்காமல் இருந்தன. மூன்றும் சேர்ந்தால் 7500. இன்னும் 15 மி.லி. வேண்டும். "பதினஞ்சு மில்லிதானே சார், விட்டுடலாமா?" என்றான் பிப்பெட். சார் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் பாதி காலியான நாலாவது பாட்டிலை எடுத்து, 15 மி.லி. அளந்து ஊற்றினேன். 15 மி.லி. விட்டிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. சாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு அது வேண்டியிருந்தது.

அடுத்து பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைத்தது 6 சதவீதம், 3 அல்ல. "இப்ப எவ்வளவு?" என்றார் சார். இந்த முறை தடுமாறவில்லை. இரட்டிப்பு வீரியம், பாதி அளவு. 208 மி.லி. குறைந்த அளவைத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். பெராக்சைடு கையைச் சுத்தப்படுத்துவதற்கு இல்லை. ஆல்கஹாலுக்குச் சாகாத வித்துக்கள் குப்பியிலோ திரவத்திலோ ஒட்டியிருந்தால் அவற்றை ஒழிப்பதற்கு. கிளிசரின் தோல் வறண்டு வெடிக்காமல் இருப்பதற்கு. அது அளவு ஜாடியில் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த ஜாடியைத் தண்ணீர் விட்டு அலசி, அலசிய தண்ணீரையும் உள்ளேயே ஊற்ற வேண்டும்.

"தண்ணிய அளந்து ஊத்தாதே, கோடு வரைக்கும் ஊத்து" என்றார் சார். காரணம் கேட்டேன். 50 மி.லி. ஆல்கஹாலும் 50 மி.லி. தண்ணீரும் சேர்ந்தால் 100 மி.லி. வராது, கொஞ்சம் சுருங்கும். புத்தகத்தில் படித்ததுதான். பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் கேட்டேன். ஆல்கஹால்தான் கிருமியைக் கொல்கிறது என்றால், 99.8 சதவீதத்தை அப்படியே ஊற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? "அப்படித்தான் தோணும்" என்றார் சார். "ஆனா புரதத்தைக் குலைக்கத் தண்ணியும் வேணும்பா. தண்ணியே இல்லாத ஆல்கஹால் கையில பட்டதும் பறந்துபோயிடும், வேலையும் சரியாச் செய்யாது. ரொம்பக் குறைஞ்சாலும் தப்பு, ரொம்ப அதிகமானாலும் தப்பு."

கலக்கி முடித்ததும், அடர்த்திப் புட்டியில் எடை பார்த்து அட்டவணையோடு ஒப்பிட்டோம். 70-க்கும் 80-க்கும் நடுவே இருக்க வேண்டும். இருந்தது. 100 மி.லி. மருந்துக் குப்பிகளில் ஊற்றினோம். குளிர்பான பாட்டில், தண்ணீர் பாட்டில் ஒன்றைக்கூட சார் உள்ளே விடவில்லை. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் 'குடிக்கக் கூடாது. தீயருகே வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று எழுதி ஒட்டினோம். எழுதியது நான். ஒவ்வொரு லேபிளுக்கும் அந்த மூன்று வயதுப் பையன் கண்முன் நின்றான்.

உடனே கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், "மூணு நாள்" என்றார் சார். 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்த வித்துக்கள் அழியும். அவசரம் என்று ஊர் கத்தும்போது மூன்று நாள் காத்திருப்பதும் செய்முறையில் ஒரு பகுதி என்று அன்று புரிந்தது.

எரியுதுடா

ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம். தேதியைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. 100 குப்பியில் ஊரின் தூய்மைப் பணியாளர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ரேஷன் கடைக்கும் பிரித்துக் கொடுத்தோம். அம்மாவின் கையில் முதலில் நானே ஊற்றினேன்.

"ஆ! எரியுதுடா!" என்று கையை உதறினார்.

அப்போதுதான் அந்தக் கையை நான் சரியாகப் பார்த்தேன். எத்தனை வருஷமாகச் சோறு போட்ட கை! விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. கண்ணாடி கிழித்த கோடு. நகத்தடியில் கருப்பு. சாரும் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாம செஞ்சது நர்ஸுக்கு நல்லது, ரேஷன் கடைக்காரருக்கு நல்லது. இவங்களுக்கு இது போதாதுப்பா" என்றார்.

கையில் அழுக்கும் எண்ணெய்ப்பசையும் இருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. 20 வினாடி தேய்த்தால் உறை சிதையும், அழுக்கோடு சேர்ந்து ஓடிவிடும். 1847-இல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணக்கூறாய்வு செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். பிரசவ வார்டில் சாவு மளமளவென்று குறைந்தது. அவர் சொன்னதை அன்று பலரும் ஏற்கவில்லை. இதையெல்லாம் சார் அந்த வெயிலில் நின்றபடியே சொன்னார்.

அம்மா கேட்டார், "சோப்பு சரிங்க சார். தண்ணிக்கு எங்க போறது? முன்னாடி திண்ணையில உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தவங்ககூட இப்ப கேட்டைத் தொறக்க மாட்டேங்கறாங்க."

அதற்கு எந்த வாய்பாடும் இல்லை.

ஆனால் பதில் இருந்தது. மெக்கானிக்கல் துறைத் தோழன் ஒருவனைப் பிடித்தோம். 20 லிட்டர் தண்ணீர் கேன், அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய், வண்டியின் பக்கவாட்டில் பழைய ஆங்கிளை வளைத்து ஒரு தாங்கி. வெங்காயம் வந்த வலைப்பையில் ஒரு சோப்பு, தொங்கவிட்டாயிற்று. வலையோடு தேய்த்தால் நுரையும் வரும், கீழே விழுந்து வீணும் ஆகாது. முதல் வண்டி அம்மாவுடையது. பத்தே நாளில் செட்டில் இருந்த வண்டிகள் எல்லாவற்றிலும் தொங்கியது. காய்ச்சல் தேறி வந்த அந்த அக்கா கையைக் கழுவிவிட்டு, "இதையே மொதல்லயே செஞ்சிருக்கலாமேடா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் சுருக்கென்றது.

தம்பி, தங்கைகளுக்கு

அந்த வருடத்தில் பிறகு வந்த செய்திகளைப் பார்த்தால், என் தப்பு எவ்வளவு சின்னதாக முடிந்தது என்று நினைத்து இன்றும் உடம்பு சிலிர்க்கும். மெத்தனால் கலந்த சானிடைசர்களைப் பற்றி அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2020 ஜூன் முதல் எச்சரிக்கை விட்டது. மெத்தனால் பார்க்கவும் மோக்கவும் மற்ற ஆல்கஹால் மாதிரியேதான் இருக்கும். ஆனால் உடம்புக்குள் போனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் எடுக்கும். அதே ஆண்டு ஜூலைக் கடைசியில் ஆந்திராவின் குறிச்சேடுவில், மதுக்கடைகள் மூடியிருந்ததால் சானிடைசரைக் குடித்துப் பலர் இறந்தார்கள். செய்தியைப் படித்தபோது, ஆரஞ்சுப் படம் போட்ட அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வந்தது.

2023 மே 5-ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. இப்போது எந்தக் கடையிலும் சானிடைசர் கிடைக்கிறது. யாரும் வீட்டில் செய்யத் தேவையில்லை, செய்யவும் வேண்டாம். நான் இப்போது தோல் ரசாயனக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறேன். ரியாக்டரில் எதையாவது சேர்ப்பதற்கு முன் கணக்கை ஒரு தரம் பேப்பரில் போட்டுப் பார்ப்பேன். "கம்ப்யூட்டர்ல வருதே, எதுக்குய்யா பேப்பரு?" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு இன்னொரு தட்டுப்பாடு வரும். எதற்கு என்று தெரியாது, ஆனால் வரும். அப்போது ஊரும் வீடும் உங்களைத்தான் பார்க்கும். "நீ படிச்சிருக்கியே, செய்யேன்" என்பார்கள். செய்யுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், எத்தனை சதவீதம் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தப்பாகிவிட்டால் மறுநாள் விடியலிலேயே போய் நின்று சொல்லிவிடுங்கள். 13 பாட்டில் உடனே திரும்பி வரும். 14-வதும் 15-வதும் கொஞ்சம் கஷ்டப்படுத்தும்.

அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார். தள்ளுவண்டி போய் பேட்டரி வண்டி வந்துவிட்டது. கையுறையும் வந்துவிட்டது. வண்டியின் பக்கவாட்டில் வலைப்பையில் ஒரு சோப்பு மட்டும் இன்னும் தொங்குகிறது. தீர்ந்தால் நான்தான் வாங்கி மாட்டுகிறேன். போன வாரம் மாட்டும்போது அம்மா கேட்டார், "இதுல எத்தினி சதவீதம்டா?"

"நூறும்மா" என்றேன்.

— முன்னாள் மாணவர், வேதிப் பொறியியல் துறை